மஞ்சள் நாடாவுக்கு உள்ளே

மதியச் சாப்பாடு இறங்கியதும் மேஸ்திரிக்குக் கண் சொக்கும். இரும்புக் குழாய் செய்யும் தொழிற்சாலையில் எங்கே போய்த் தூங்குவது? தெரியாமலே வழி காட்டியவர் படக்காரர். வாரத்தில் இரண்டு நாள் வந்து, கனத்த பெட்டிக்குள் இருக்கும் இரிடியத்தின் கதிரால் வெல்டிங்கில் விரிசல் உண்டா என்று படம் எடுப்பவர். அப்போது சுற்றிலும் மஞ்சள் நாடா கட்டி, கதிர்வீச்சு எச்சரிக்கை அட்டையைத் தொங்கவிடுவார். அதைக் கண்டால் மேனேஜரே ஒதுங்கிப் போவார்.

மேஸ்திரியின் மூளை வேலை செய்தது. வேலைக்காக அதைச் செலவழிக்காமல் சேமித்து வைத்திருந்தவர் அவர். படக்காரர் வராத நாட்களில், மிச்சம் கிடந்த நாடாவைக் குழாய் அடுக்குக்குப் பின்னால் கட்டி, உள்ளே அட்டைப்பெட்டியை விரித்தார். ஆட்களைக் கூட்டி ஒரு பிரசங்கமும் செய்தார்.

"இதைத் தாண்டினா எலும்பு உருகிடும்டா. உள்ள சோதனை பண்றது நான் ஒருத்தன்தான். நானே செத்துக்கிட்டிருந்தாலும் உள்ள வரக்கூடாது. புரியுதா?"

நன்றாகவே புரிந்தது. "உயிரைப் பணயம் வெச்சு உழைக்கிறீங்க" என்று மேனேஜர் நெகிழ்ந்து, தினமும் ஒரு டம்ளர் பாலுக்கு ஏற்பாடு செய்தார். பால் குடித்ததில் தூக்கம் இன்னும் சுகமாக வந்தது.

ஒரு புதன்கிழமை, தூக்கத்தில் காலை நீட்டி உதைத்தார். அடுக்குக்கு முட்டுக் கொடுத்திருந்த கட்டை நழுவியது. குழாய் ஒன்று உருண்டு வந்து அவருடைய கணுக்காலின் மேல் உட்கார்ந்தது.

"ஐயோ! தூக்குங்கடா!"

இருபது பேர் ஓடி வந்தார்கள், நாடா வரைக்கும்.

"ரொம்ப வலிக்குதாண்ணே?" என்று அக்கறையாகக் கேட்டான் வெல்டர்.

"உள்ள வாடா, மடையா!"

"செத்தாலும் வரக்கூடாதுன்னு நீங்கதானேண்ணே சொன்னீங்க?"

கால் மரத்துக்கொண்டே வந்தது. இனி நடக்கவே முடியாதோ என்று மேஸ்திரிக்கு நிஜமாகவே அழுகை வந்தது. மானமா காலா என்று பார்த்ததில் கால் ஜெயித்தது.

"இங்க கதிரும் இல்ல, கத்திரிக்காயும் இல்லடா! தூங்குறதுக்குக் கட்டினேன்!"

கூட்டம் உச்சுக்கொட்டியது. "பாவம், கதிர் மூளைக்கு ஏறிடுச்சு. என்னென்னமோ உளறுறாரு" என்று மேனேஜர் இன்னும் இரண்டடி பின்னால் போனார். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறோம். இந்த மனிதர் கம்பெனிச் செலவில் வைத்துக்கொண்டார்.

ஃபோன் போட்டு வரவழைத்த படக்காரர் வந்து சேர முக்கால் மணி நேரம் ஆனது. அளவுக் கருவியை நீட்டினார், முள் அசையவில்லை. நாடாவை அறுத்துவிட்டு உள்ளே போனவர் அட்டைப்பெட்டியையும் தலையணையையும் பால் டம்ளரையும் பார்த்தார். நான்கு பேரைக் கூப்பிட்டுக் குழாயைத் தூக்க வைத்தார்.

ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தும் விரிசல் பிடிபடவில்லை, வலியோ குறையவில்லை. "கொஞ்சம் கதிர்மருந்தை ஊசியில ஏத்தி எலும்பைப் படம் எடுத்துப் பார்த்திடலாம். எங்க விரிசல் இருந்தாலும் காட்டிக் கொடுத்துடும்" என்றார் டாக்டர்.

மேஸ்திரிக்கு வேர்த்துக் கொட்டியது. "வேண்டாம் டாக்டர்! எலும்பு உருகிடும்!"

டாக்டர் சிரித்துவிட்டார். "எந்த மடையன் சொன்னான் உங்களுக்கு?"

கட்டிலோரம் நின்ற வெல்டர் மேஸ்திரியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.