சத்தமில்லாமல் செய்த வேலை

இரண்டு வாரமாக டிராக்டருக்கு மூச்சு வாங்கியது. ஏரைக் கொஞ்சம் ஆழமாக இறக்கினால் போதும், கரும்புகையைக் கக்கிவிட்டு நின்றுவிடும். இஞ்சின் போய்விட்டது என்று ஊரே தீர்ப்பு எழுதியாயிற்று. ஊருக்கென்ன, வாயா வலிக்கப்போகிறது? இஞ்சினைப் பிரித்தால் விதைப்பு தப்பிவிடும். விதைப்பு தப்பினால் அவள் கணவன் மறுபடி லாரி ஓட்டப் போய்விடுவான். அவளுக்கு அதுதான் பயம். கல்யாணமானதிலிருந்து போனிலேயே குடும்பம் நடத்தி, குழந்தை பிறந்த பிறகுதான் அவன் வீட்டோடு வந்து சேர்ந்திருந்தான். லாரிக்காரர் நேற்று கூப்பிட்டபோது, இன்றைக்குள் பதில் சொல்வதாக வேறு சொல்லியிருந்தான்.

மெக்கானிக்கான அவள் அண்ணன், புது சைலன்சரோடு வந்து இறங்கினான்.

"இஞ்சினை அப்புறம் பாத்துக்கலாம். மொதல்ல இதை மாத்துவோம். கழுத்துல துரு அரிச்சு, புகையெல்லாம் ஓட்டுறவங்க மூஞ்சியில அடிக்குது."

பழைய சைலன்சரைப் பிடித்திருந்த நட்டுகள் லேசில் அசைவதாக இல்லை. அண்ணன் எண்ணெய் விட்டு ஊறவைத்து, சுத்தியலால் பதமாகத் தட்டினான்.

"பாத்துண்ணே, போல்ட்டு உடைஞ்சிடப்போகுது."

"உன்னைக் கட்டிக்குடுக்கும்போதுகூட நான் இவ்வளவு பயப்படல."

கணவன் மட்டும் கிட்டே வரவில்லை. பின் சக்கரத்தில் ஒட்டிய மண்ணைச் சுரண்டிக்கொண்டிருந்தான். வயலுக்குப் போகிற வண்டியில் மண்ணைச் சுரண்ட அப்படி என்ன அவசரமோ.

கடைசி நட்டும் கழன்றது. அண்ணன் சைலன்சரைக் கவிழ்த்துத் தரையில் தட்டினான். கரி கொட்டியது. பின்னாலேயே பாத்திரம் தேய்க்கிற கம்பி நார் ஒன்று, கரி அப்பிக்கொண்டு விழுந்தது. இன்னொரு தட்டு, இன்னும் இரண்டு விழுந்தன.

"ஏன் மாப்ள, டிராக்டரைப் பாத்திரம் கழுவ விட்டீங்களா?"

கணவன் தலையைச் சொறிந்தான். "வண்டிச் சத்தத்துல பாப்பா தூங்க மாட்டேங்குதுன்னு இவ தினமும் திட்டினா. சைலன்சரை இன்னும் கொஞ்சம் சைலண்டா ஆக்கலாமேன்னு..."

"அதை வாயைத் திறந்து சொல்றதுக்கென்ன?" என்றாள் அவள்.

"எல்லாரும் இஞ்சின்னு சொன்னாங்க, நானும் நம்பிட்டேன். மச்சான் நட்டுல கைய வச்சப்பதான் எனக்கு நார் ஞாபகமே வந்துச்சு."

"அடைச்ச மூக்கோட யாரால மூட்டை தூக்க முடியும்?" என்று அண்ணன் சிரித்தான்.

திட்ட வேண்டியது நிறைய இருந்தது. அதையெல்லாம் அப்புறம் வைத்துக்கொள்ளலாம். அண்ணன் புது கேஸ்கட் வைத்து, புது சைலன்சரை நிறுத்தி முடுக்கியதும், யாரையும் கேட்காமல் அவளே ஏறி உட்கார்ந்து வயலுக்கு ஓட்டினாள்.

ஏரை இறக்கினாள். இன்னும் ஆழமாக இறக்கினாள். வண்டி ஒரு தும்மல்கூடப் போடவில்லை. மண் புரண்டு புரண்டு விழுந்தது. வரப்பு வரை போய்த் திருப்பும்போது அவளுக்குக் கண்ணீர் வந்துவிட்டது. அப்பாடா என்று வாய்விட்டே சொன்னாள்.

திரும்பி வந்தபோது கணவன் வரப்பில் நின்று போனில் கத்திக்கொண்டிருந்தான்.

"நான் வரலைங்க. வேற டிரைவரைப் பாத்துக்குங்க." பிறகு அவளைப் பார்த்துக் கையைக் காட்டினான். "வண்டியக் கொஞ்சம் நிறுத்தேன், அவருக்குக் கேக்கலையாம்."

அவள் நிறுத்தவில்லை.

"கேக்குற மாதிரி இன்னொரு தடவை சொல்லுங்க" என்றாள்.