முப்பத்தொரு நிமிஷ வட்டில்

இலஞ்சிக் குளத்து மடையில் தண்ணீர்முறை அளக்கும் பொறுப்பு நல்லகண்ணுவிடம் இருந்தது. அடியில் ஊசித் துளை போட்ட செப்பு வட்டிலை அண்டாத் தண்ணீரில் மிதக்கவிடுவார். துளை வழியாகத் தண்ணீர் ஏறி ஏறி, சரியாக ஒரு நாழிகையில் வட்டில் முங்கும். நாழிகை என்றால் இருபத்துநாலு நிமிஷம். வயலுக்குத் தக்கபடி இத்தனை வட்டில் என்று முறை. நல்லகண்ணு அளந்தால் ஊரில் மறுபேச்சுக் கிடையாது.

1938-ல் குற்றாலத்தில் சாரல் பொய்த்தது. அருவி பாறையை நனைத்ததோடு சரி. குளத்தில் முழங்கால் தண்ணீர்தான். கார் நெல் பொதி கட்டிக் கதிர் தள்ளும் சமயம் பார்த்து வயல்கள் வெடித்தன. நல்லகண்ணு தம் முறை வந்த அன்று, வட்டிலைத் துடைக்கிற சாக்கில் துளையோரம் துளி தேன்மெழுகை அப்பினார். துளை சிறுத்தது, வட்டில் மெதுவாக முங்கியது, அவர் வயலுக்குக் கூடுதல் நேரம் தண்ணீர் பாய்ந்தது. தம் பங்கான பத்து வட்டில் முடிந்ததும் மெழுகை நகத்தால் சுரண்டி எடுத்துவிட்டார்.

அவருக்கு அடுத்த முறை பாலம்மாளுடையது. புருஷனை இழந்தவள், ஒற்றை வயல்காரி. அவளுக்கு நாலு வட்டில். ஆனால் பொழுது அடைந்தால் மடையை அடைத்துவிடுவார்கள். மிச்சம் இருந்தால் போனதுதான். அன்று ஒரு வட்டில்தான் கிடைத்தது. ஆடி மாசத்தில் பொழுது இவ்வளவு சீக்கிரம் சாயுமா என்று அவரிடமே வந்து கேட்டாள். அவர் மேற்கே மலையைப் பார்த்தபடி நின்றார். எட்டு நாள் கழித்து வந்த அடுத்த முறையிலும் மெழுகு வைத்தார்.

மூன்றாம் முறையன்று பள்ளிக்கூடத்து வாத்தியார் பால்வண்ணநாதன் புதுப் பைக்கடிகாரத்தோடு மடைக்கு வந்தார். சாவி கொடுத்தால் உள்ளே இருக்கும் வில்லுச்சுருள் அவிழ்ந்து பல்சக்கரங்களைச் சுற்றும், நிமிஷம் பிசகாது என்று எல்லோருக்கும் காட்டினார். நல்லகண்ணுவுக்கு முந்தின முறைக்காரன் செல்லப்பாவின் முறையில் வட்டிலைச் சோதித்தார். இருபத்துநாலு நிமிஷம்! வாத்தியார் பூரித்துப்போனார்.

அடுத்து நல்லகண்ணுவின் முறை. அன்றைக்காவது விட்டிருக்கலாம். இந்த ஒரு நனைப்பு கிடைத்தால் நெல் தேறிவிடும் என்ற நினைப்பில் விரல் தன்போக்கில் மெழுகை அப்பிவிட்டது. வாத்தியார் போயிருப்பார் என்று நினைத்தார். அவரோ கடிகாரத்தை உள்ளங்கையில் வைத்து உட்கார்ந்திருந்தார். வட்டில் முங்கியபோது முப்பத்தொரு நிமிஷம்.

வாத்தியார் கடிகாரத்தைக் காதில் வைத்துக் குலுக்கினார். செல்லப்பா சிரித்துவிட்டான்.

"கடியாரந்தான் கோளாறு வாத்தியாரே. அண்ணாச்சி வட்டில் பொய் சொல்லுமா?"

சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள். வாத்தியார் முகம் சிவந்து, தென்காசியில் பழுது பார்க்கக் கொடுக்கிறேன் என்று முணுமுணுத்துவிட்டுப் போனார். நல்லகண்ணு குனிந்து வட்டிலை மறுபடி மிதக்கவிட்டார். பிடிபட்டிருந்தால்கூட இப்படிக் கூசியிருக்காது.

நாலு நாள் அவருக்குச் சோறு இறங்கவில்லை. ஐந்தாம் நாள் காலையில் பாலம்மாள் வயலுக்குப் போனார். பதராய்ப் போன பயிரை அவள் மாட்டுக்கு அறுத்துக்கொண்டிருந்தாள். வரப்பில் நின்றபடியே மெழுகு விஷயத்தைச் சொன்னார். தம்முடைய அடுத்த முறைத் தண்ணீர் முழுவதையும் எடுத்துக்கொள்ளச் சொன்னார்.

அவள் அரிவாளைக் கீழே வைக்கவில்லை.

"இனிமே தண்ணிய வச்சி நான் என்ன செய்ய, அண்ணாச்சி? அந்த வாத்தியாரு கடியாரத்தைப் பழுதுன்னு கொண்டுட்டு அலையுதாரு. அவருகிட்டயாவது போயி சொல்லுங்க."

அன்று சாயங்காலமே மடையில் முறைக்காரர்களைக் கூட்டினார். வாத்தியாரையும் அழைத்துவந்து அவர் முன்னால் சொன்னார். யாராவது வைதிருந்தால் தேவலை. செல்லப்பா மட்டும், எத்தனை முறை என்று கேட்டான். மூன்று என்றார். வாத்தியார், யாருக்கும் நேரக்கூடியதுதான் என்று சொல்லித் தேற்றப் பார்த்தார். அதைத்தான் நல்லகண்ணுவால் தாங்க முடியவில்லை. அண்டாவும் வட்டிலும் செல்லப்பா கைக்குப் போயின.

அந்த வருஷம் நல்லகண்ணுவின் வயல் நன்றாகவே விளைந்தது. அறுப்புக்கு வந்த ஆட்கள் கதிரை மெச்சிப் பேசியபோது, அவர் களத்தை விட்டு எழுந்து போய்விட்டார்.