ஷேக்கின் இரண்டு பதில்கள்

ஜர்கா பேருந்து நிலையத்துக்குப் பின்னால் டாக்டர் ஹிக்மத் ஸர்ராஜுக்கு ஒரு சின்ன கிளினிக் இருந்தது. சொந்த ஊரான ஹமாவிலிருந்து எல்லை தாண்டி ஜோர்டானுக்கு வந்தபோது அவர் மகன் கைக்குழந்தை; இப்போது அவனுக்கு மீசை அரும்பிவிட்டது. அரசாங்கத்தை எதிர்த்த இயக்கத்தில் இருந்தாலே தூக்கு என்று அங்கே சட்டம் வந்ததும், ஆடு ஏற்றிய லாரியில் ஒளிந்து தப்பியவர் அவர். இங்கே வந்த பிறகும் இயக்கத்தை விடவில்லை. செயற்குழுவில் இருந்தார். ஓடிவந்த குடும்பங்களுக்கெல்லாம் அவர்தான் வைத்தியர். இயக்கத்தின் தலைவர் ஷேக் முன்திருக்கும் அவர்தான்.

அந்த ஆண்டு வசந்தத்தில் ஊரிலிருந்து சேதி வந்தது. இனி அரசியல் பக்கமே வரமாட்டோம் என்று ஒப்புக்கொண்டால் திரும்பி வரலாம், யார்மேலும் கை வைக்கமாட்டோம் என்றது அரசாங்கம். செயற்குழு இரண்டாகப் பிளந்தது. போகலாம் என்றவர்களுக்கு முன்னால் நின்றவர் இன்ஜினியர் ஸுஹைர். ஹிக்மத்தோடு அதே லாரியில் வந்தவர். ஒருநாள் நோயாளிகள் போனதும் கிளினிக்கில் வந்து உட்கார்ந்தார்.

"ரெண்டு பக்கமும் சரிசமமா நிக்குது. ஷேக் சொல்றதுதான் முடிவு. போகலாம்னு அவர் சொன்னதை நான் என் காதால கேட்டேன்."

"போகக்கூடாதுன்னு சொன்னதா அந்தப் பக்கத்துக்காரங்க சொல்றாங்களே?"

"அவங்க கெடக்கறாங்க! கூட்டத்துல அவருக்குப் புத்தி தடுமாறிடுச்சுன்னு எவனாவது கெளப்புவான். நீ எழுந்து 'நல்லா இருக்கார்'னு ஒரு வார்த்தை சொல்லு, போதும். ஊர்ல உங்கம்மா இன்னும் உயிரோட இருக்காங்கடா, மறந்துடாத."

மறுநாள் ஹிக்மத் ஷேக்கின் வீட்டுக்குப் போனார். கதவைத் திறந்த மகள் லமீஸ் குரலைத் தாழ்த்தினாள். "காலையில செருப்பைக் கொண்டுபோய் ஃப்ரிட்ஜுக்குள்ள வெச்சிருந்தாரு மாமா. யார்கிட்டயும் சொல்லிடாதீங்க."

ஷேக் பால்கனியில் வெயில் காய்ந்துகொண்டிருந்தார். அடையாளம் தெரிந்து சிரித்தார். "வாப்பா ஹிக்மத். ஊசி எடுத்துட்டு வந்தியா, இல்ல காபிக்கு வந்தியா?"

நாடி பிடித்தபடியே ஹிக்மத் கேட்டார்: "ஊருக்குப் போறதைப் பத்தி என்ன நெனைக்கிறீங்க ஷேக்?"

"போகணும். இன்னும் எத்தனை நாளைக்கு அடுத்தவன் வீட்டு வாசல்ல உக்காந்திருக்கறது? நாம அங்க இல்லாம நம்ம பேச்சை அங்க யாரு கேப்பாங்க? தலைகுனிஞ்சு போனாலும் பரவாயில்ல, போயிடணும்."

எவ்வளவு தெளிவு! ஹிக்மத்துக்கு நெஞ்சு லேசாகிவிட்டது. ஹமாவின் ஆற்றங்கரையில் நீர்ச்சக்கரங்கள் முனகும் சத்தம் காதில் கேட்பதுபோல் இருந்தது. அம்மாவின் சமையலறை ஜன்னலில் அது எப்போதும் கேட்கும். விடைபெற எழுந்தார்.

"கடைத்தெரு வழியாத்தான போவ? ஃபவாஸைப் பார்த்தா சாப்பிட வரச்சொல்லு. பசி தாங்க மாட்டான்."

ஃபவாஸ் ஷேக்கின் ஒரே மகன். ஹமாவில் குண்டு விழுந்தபோது செத்தவன். லமீஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஹிக்மத் மறுபடி உட்கார்ந்து, கேட்கக்கூடாதோ என்று தயங்கியே கேட்டார்: "ஃபவாஸ் எங்க இருக்கான் ஷேக்?"

கிழவர் அவரையே பார்த்தார். "கொன்னுட்டாங்களேப்பா." பிறகு அந்தப் பழைய மேடைக் குரல் வந்தது. "ஒருத்தனும் போகக்கூடாது! அவங்க கையில தலையைக் கொடுத்துட்டு அப்புறம் தேடாதீங்க."

வீட்டுக்கு நடந்துபோகையில் ஹிக்மத்துக்கு ஒன்றும் பிடிபடவில்லை. மகன் சாவை மறந்தால் போகச் சொல்கிறார். நினைவு வந்தால் வேண்டாம் என்கிறார். எது ஷேக், எது நோய்? மறதியில்தான் அவர் பழசை விட்டு மன்னித்திருக்கிறாரோ? இல்லை, தானே போக ஆசைப்பட்டு இப்படியெல்லாம் நினைக்கிறோமோ?

"உங்களுக்கு எது வேணும்?" என்றாள் மனைவி ரபாப்.

"தெரியலையே."

"டாக்டரா கேக்கல."

"டாக்டராவும் தெரியல."

வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்து செயற்குழு கூடியது. ஷேக்குக்குப் புத்தி தெளிவாக இருக்கிறதா என்று, எதிர்பார்த்த கேள்வியை ஒருவர் எழுப்பினார். ஸுஹைர் கண்ணால் சைகை காட்டினார். நல்லா இருக்கார் என்று சொல்லத்தான் ஹிக்மத் எழுந்தார். ஷேக் குழந்தையைப்போல் அவரை நம்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவருக்கு மறதி நோய்" என்றார் ஹிக்மத். "ஒரே மத்தியானத்துல ரெண்டையும் சொன்னார். ரெண்டையும் மனசாரத்தான் சொன்னார். அதை வெச்சு யார் உயிரையும் பணயம் வைக்காதீங்க."

கூடம் கொந்தளித்தது. "ஷேக்கையே பைத்தியம்ங்கறியா? உளவுத்துறை சொல்லி அனுப்பிச்சுதா?" என்று ஒருவர் பாய்ந்தார். ஸுஹைர் பல்லைக் கடித்தார். "ஊருக்குப் போற கதவைச் சாத்திட்டியேடா!"

"என்னைப் பத்தியா சண்டை?" என்றார் ஷேக். "ஹிக்மத் பொய் சொல்ல மாட்டான். ஆனா நான் என்னதான் சொன்னேன்? போகலாம்னா, வேணாம்னா?"

ஹிக்மத் அவர் கையைப் பிடித்து வீட்டுக்குக் கூட்டிப்போனார்.

புதுத் தலைவர் வந்தார். போக வேண்டாம் என்று முடிவானது. ஸுஹைர் முடிவை மதிக்கவில்லை. நாலைந்து குடும்பங்களோடு போயே போய்விட்டார். ஹிக்மத்திடம் சொல்லிக்கொள்ளவும் இல்லை. கோடை முழுவதும் தகவலே இல்லை. பிறகு ஒரு காலையில் கிளினிக் ஃபோன் அடித்தது.

"நான்தான். நல்லா இருக்கோம். உங்கம்மாவைப் பார்த்தேன். கண்ணு மங்கிடுச்சு. நீதான்னு நெனச்சு என்னைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டாங்க. கெளம்பி வா. இங்க ஒரு தொந்தரவும் இல்ல."

"பக்கத்துல யாராவது இருக்காங்களா?"

"என் பொண்டாட்டி இருக்கா. வேற யாரு இருப்பா?" ஸுஹைர் சிரித்தார். சிரிப்பு சரியாகத்தான் இருந்தது. சரியாக இருந்ததே சந்தேகமாக இருந்தது. இன்னொரு கேள்வி கேட்பதற்குள் லைன் அறுந்துவிட்டது. பயந்து சொன்னானா, மனம் நிறைந்து சொன்னானா?

ரபாபிடம் சொன்னார். அவள் நெடுநேரம் யோசித்தாள். "போறதுன்னா நானும் வர்றேன். இல்லேன்னா குளிர்காலத்துக்கு எண்ணெயில ஊறப்போடக் கத்தரிக்காய் வாங்கணும். சீசன் முடியப் போகுது. ஏதாவது ஒண்ணு சொல்லுங்க."

"நாளைக்குச் சொல்றேன்" என்றார்.

மறுநாளும் சொல்லவில்லை. அதற்கு மறுநாள் ரபாப் தானே சந்தைக்குப் போய் ஒரு கூடை கத்தரிக்காயோடு வந்தாள். ஹிக்மத் எதுவும் கேட்காமல் பக்கத்தில் உட்கார்ந்து, வெந்த காய்களைக் கீறி உள்ளே வால்நட்டை அடைக்க ஆரம்பித்தார். முடிவு எடுத்தாயிற்றா இல்லையா என்று அவருக்கே தெரியவில்லை.