வழங்கியவர்: அழகுமுத்து

தன் தப்புப் பறையைத் தூக்கிக் கொடுத்தபோது அழகுமுத்து அண்ணன் என்னிடம் கேட்டுக்கொண்டது ஒன்றே ஒன்றுதான்.

"தப்ப கொண்டு போங்க, தங்கச்சி. பேரு மட்டும் போட்டுறாதீங்க. புள்ள ஒங்க ஸ்கூல்லதான் படிக்குது."

நான் கேட்டேனா? லிந்துலைக்குப் பக்கத்தில் தேயிலைக் கொழுந்து நிறுக்கும் ஒரு பழைய மடுவத்தை, மலையகக் கலைப்பொருட்களைக் காட்சிக்கு வைக்கும் நூதனசாலையாக மாற்றிக்கொண்டிருந்தார்கள். ஹட்டன் ஆசிரியர்கள் சார்பில் அதன் குழுவில் நான் இருந்தேன். கலைஞனின் பெயரை மறைத்துவிட்டு என்ன கலை வேண்டிக் கிடக்கிறது என்று கூட்டத்தில் பொரிந்து தள்ளினேன். கைதட்டினார்கள். அந்தக் கைதட்டல் எனக்குத் தித்தித்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

சொல்லாமல் விட்டது வேறொன்று. என் அப்பாவும் தப்படித்தவர்தான். பொகவந்தலாவையில் அழகுமுத்து அண்ணனின் அப்பாவும் அவரும் சோடி. காமன் கூத்துக்கும் அவர்கள்தான், சாவு வீட்டுக்கும் அவர்கள்தான். விடிய விடிய அடித்துவிட்டு வந்தால் மற்றவர்களுக்குத் தேத்தண்ணி ஒரு வகைக் கோப்பையில், எங்கள் ஆட்களுக்கு வேறு கோப்பையில். நான் படித்து, ஹட்டனுக்கு வந்து, பதினாறு வருடமாக ஆசிரியர் அறையில் "அப்பா ஃபேக்டரியில வேல செஞ்சாரு" என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். "உங்கள் வீட்டுப் பக்கம் தப்படித்தவர்கள் யாராவது உண்டா, பெயர் சேர்க்கலாமே" என்று நூதனசாலைக்காரர்கள் கேட்டபோதும் இல்லையென்றுதான் சொன்னேன்.

சென்ற மாதம் ஒன்பதாம் வகுப்பை பஸ் பிடித்து அங்கே கூட்டிக்கொண்டு போனோம். நானும் நாகலெட்சுமி டீச்சரும், முப்பத்திரண்டு பிள்ளைகளும். அதில் அழகுமுத்து அண்ணனின் மகள் சுலக்ஷனாவும் ஒருத்தி. அவள் அப்பா தப்படிப்பவர் என்று வகுப்பில் எவருக்கும் தெரியாது. அவளும் என்னைப் போலத்தான். வாயைத் திறக்காத வரை பிழைத்துக்கொள்ளலாம் என்று இருந்தாள்.

நூதனசாலைக் கல்வி அலுவலர் துஷாந்த் நல்ல பிள்ளை. கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்காமல் எல்லாவற்றையும் கையில் எடுத்துக் கொடுத்தான். தப்பை நெருப்பில் வாட்டி, தோல் இறுகும் சத்தத்தைக் கேட்கச் சொன்னான். பிள்ளைகள் அடித்துப் பார்த்துக் கும்மாளம் போட்டார்கள். பிறகு ஆளுக்கொரு தாள் கொடுத்தான். பொருளின் பெயர், கலைஞரின் பெயர், அவருடைய ஊர் மூன்றையும் சுவரில் பார்த்து எழுத வேண்டும்.

சுவரில் நான் எழுதிக் கொடுத்தபடி அச்சடித்த அட்டை இருந்தது. "தப்பு. வழங்கியவர்: கலைஞர் அழகுமுத்து, பொகவந்தலாவை."

முப்பத்தொரு பிள்ளைகள் குனிந்து எழுதினார்கள். தினமும் காலையில் வரவு இடாப்பில் நான் முழுப்பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறேன், அழகுமுத்து சுலக்ஷனா என்று. அது எப்படி எனக்கு மறந்து தொலைந்தது?

யூஜினாதான் முதலில் நிமிர்ந்தாள். "ஏய், இது ஒங்கப்பா பேருல்ல? நீயும் பொகவந்தலாவதானே?"

"அப்படியா? யாரு அந்தப் பிள்ள?" துஷாந்துக்கு ஒரே சந்தோஷம். "பெருமையான விஷயம்! எல்லாரும் கை தட்டுங்க!"

தட்டினார்கள். சுலக்ஷனா தன் தாளைப் பார்த்துக்கொண்டே நின்றாள். தாள் வெறுமையாக இருந்தது.

பகல் சாப்பாட்டுக்கு வெளியே புல்லில் உட்கார்ந்தோம். எங்கள் பிள்ளைகள் சாப்பாட்டுப் பெட்டிகளை நடுவில் வைத்துவிட்டு ஒருவர் பெட்டியில் மற்றவர் கை போடுவார்கள். அன்றும் அப்படித்தான். சுலக்ஷனா ரொட்டியும் மிளகாய் இடித்த கட்டச் சம்பலும் கொண்டு வந்திருந்தாள். அவளுடைய சம்பலுக்கு வழக்கமாக அடிபிடி நடக்கும். அன்று ஒரு கைகூட வரவில்லை. வைத்த இடத்திலேயே அந்தப் பெட்டி இருந்தது, அவ்வளவுதான். அவள் தன் கையை நீட்டியபோது யூஜினா தன் பெட்டியை மெதுவாக மடிக்கு இழுத்துக்கொண்டாள். பதினான்கு வயதில் இதையெல்லாம் யார் சொல்லிக் கொடுக்கிறார்கள்?

சுலக்ஷனா பெட்டியை எடுத்துக்கொண்டு எழுந்து என்னிடம் வந்தாள்.

"வீட்டுக்குப் போயிருவோம், அத்தே" என்றாள்.

நான் எங்கள் தேயிலைத் தோட்டத்துக்குப் போனால் அவள் என்னை அப்படித்தான் கூப்பிடுவாள். பள்ளிக்கூடத்தில் ஒரு நாளும் கூப்பிட்டதில்லை.

நாகலெட்சுமி டீச்சர் சாப்பிடுவதை நிறுத்தினாள். "என்னா டீச்சர், ஒங்கள அத்தேங்குது? சொந்தமா?"

"யாரு, எனக்கா?" என்று சிரித்தேன். நன்றாகவே சிரித்தேன். பதினாறு வருடப் பழக்கம்.

"இல்ல, நீங்களும் பொகவந்தலாவ பக்கந்தானே, அதான்…" நாகலெட்சுமியின் கண் என்னை மேலும் கீழும் அளந்தது.

சுலக்ஷனா என் முகத்தைப் பார்த்தாள். அதில் என்ன கண்டாளோ, கண்ணைத் துடைத்துக்கொண்டு நாகலெட்சுமி பக்கம் திரும்பினாள்.

"இல்லீங்க டீச்சர். வாய் தவறி வந்துருச்சு. டீச்சருக்கு எங்க வீட்டு ஆளுங்க யாரையும் தெரியாது."

அப்பாடா என்றிருந்தது எனக்கு. அவள் அப்பாவின் பெயரைச் சுவரில் ஒட்டியவள் நான். என் அப்பாவின் பெயர் வெளியே வராமல் அவள் காப்பாற்றிக் கொடுத்துவிட்டுப் போய் பஸ் படியில் தனியாக உட்கார்ந்தாள், மடியில் அந்தப் பெட்டியோடு.

போய் ஒரு ரொட்டியை எடுத்துத் தின்றிருக்கலாம். நாகலெட்சுமி பார்த்துக்கொண்டிருந்தாள். நான் போகவில்லை.