அண்ணனுக்காக விதைத்த டர்னிப்

மான்களுக்கு விருந்து வைக்க அப்பா நிலம் வாங்கினார். வந்த விருந்தாளியைச் சுடுவது அடுத்த கட்டம். அமெரிக்காவில், எங்கள் விஸ்கான்சின் மாநிலத்தில் இதில் ஒளிவுமறைவு கிடையாது. விதைப் பையின் மேலேயே கொம்பு மான் படம் போட்டுத்தான் விற்கிறார்கள்.

ஆனால் அப்பா அந்த நிலத்துக்கு வரவழைக்க நினைத்தது என் அண்ணன் காரெட்டை. முன்பு நாங்கள் வேட்டையாடிய குத்தகைக் காட்டில், காரெட் கோடை முழுக்கப் பார்த்து வைத்திருந்த ஒரு கொம்பு மானை, வேட்டைப் பருவம் தொடங்கிய காலையிலேயே அப்பா சுட்டுவிட்டார். எங்கள் ஊரில் அடுத்தவன் பெண்டாட்டியோடு ஓடிப்போனவனைக்கூடச் சில வருஷம் கழித்துத் தேவாலயச் சாப்பாட்டுக்குக் கூப்பிடுவார்கள். அடுத்தவன் மானைச் சுட்டவனுக்கு அந்தச் சலுகை இல்லை. காரெட் மினசோட்டாவுக்குப் போனான். அங்கே கெல்சி என்ற பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டு எங்களுக்கு ஒரு போட்டோ அனுப்பினான்.

புது நிலத்தில் காட்டை ஒட்டிய மேட்டை அப்பா தேர்ந்தெடுத்தார். மண்ணைப் பரிசோதனைக்கு அனுப்பினார், புளிப்பு அதிகம் என்று பதில் வந்தது, சுண்ணாம்பு கொட்டினார். ஒரு பாதியில் குளோவர் என்ற தீவனப் பயிர், மறு பாதியில் டர்னிப். டர்னிப்பின் இலையையும் கிழங்கையும் மான்கள் தின்னும், உறைபனி விழுந்த பிறகு அது இனிக்கும் என்று விளக்கம் வேறு. நான் கல்லூரி விடுமுறையில் வந்து கல் பொறுக்கினேன். எனக்கு ஒருநாள்கூட அவர் காய்கறி சமைத்துப் போட்டதில்லை என்பதை அப்போது அவருக்கு நினைவூட்டினேன்.

"நீ கூப்பிடாமலே வந்து திங்கிறவன்" என்றார்.

மரத்தில் ஒரு கேமரா கட்டினோம். முன்னால் எது அசைந்தாலும் படம் எடுத்து எங்கள் போனுக்கு அனுப்பும். காரெட்டின் எண்ணையும் அதில் சேர்க்கச் சொன்னார் அப்பா. காரெட் பதில் போடவில்லை, ஆனால் எண்ணை நீக்கவும் இல்லை. ஆகஸ்டில் பத்துக் கிளைக் கொம்போடு ஒரு மான் வந்து குளோவரில் தலைநிமிர்ந்து நின்றது. அந்தப் படத்துக்கு அவனிடமிருந்து ஒரு வரி வந்தது: "இது யாருக்கு?"

அப்பா அதை எனக்கு வாசித்துக் காட்டினார், ஏதோ என்னிடம் போனே இல்லாத மாதிரி. பிறகு ஒற்றை விரலால் தட்டினார்: "உனக்கு. சத்தியமா."

காரெட் வருவதாகச் சொன்னான். கெல்சி மாசமாக இருந்தாள், அவளும் வருவதாகச் சொன்னான். அதற்குப் பிறகு அப்பாவுக்குப் பயம் பிடித்தது. மான் நவம்பர் வரை அங்கேயே நிற்க வேண்டுமே. செப்டம்பரில் டர்னிப்புக்கு நடுவே ஒரு பெரிய உப்புக்கட்டியைக் கொண்டுபோய் வைத்தார். எங்கள் பகுதியில் சட்டப்படி மானுக்குப் பயிர் விதைக்கலாம், உப்பு வைக்கக் கூடாது. மான்களின் மூளையை அரிக்கும் ஒரு நோய் பரவியிருந்தது. எச்சிலில் தொற்றும், மருந்து கிடையாது, மண்ணில் விழுந்தால் வருஷக்கணக்கில் போகாது. வார இறுதிகளில் வீட்டுக்கு வந்துபோன நான் அதைச் சொன்னேன்.

"அதெல்லாம் தெக்கால பக்கம்டா. நம்ம மானு சுத்தம்" என்றார். நம்ம மான்கள் வரிசையாக வந்து ஒரே கட்டியை நக்கின. கேமரா எல்லாவற்றையும் அனுப்பியது.

அக்டோபர் கடைசியில் வந்த ஒரு படத்தில் அந்தக் கொம்பு மானின் வாயிலிருந்து ஏதோ நூல் போலத் தொங்கியது. புல் என்று நினைத்தேன். அப்பா அந்தப் படத்தைப் பெரிதாக்கி, சிறிதாக்கி, மறுபடி பெரிதாக்கிப் பார்த்தார். மறுநாள் உப்புக்கட்டி அங்கே இல்லை. நாங்கள் அதைப் பற்றிப் பேசவில்லை. எங்கள் வீட்டில் முக்கியமான விஷயங்களை அப்படித்தான் கையாள்வோம்.

பருவத்துக்கு முந்தைய நாள் காரெட் வந்தான். அப்பாவும் அவனும் கைகுலுக்கிக்கொண்டார்கள், வண்டி விற்கிறவனும் வாங்குகிறவனும் போல. முதல் மான் விழுந்த அன்றே அதன் உள்முதுகுக் கறியை வெண்ணெயில் வெங்காயத்தோடு வதக்கி எல்லாரும் தின்பது எங்கள் வீட்டு வழக்கம். நோய்ப் பரிசோதனை முடிவு வரும்வரை யாரும் காத்திருப்பதில்லை. கெல்சி மறுநாளைக்கு வேண்டிய இரும்புச் சட்டியை அப்போதே எடுத்து அடுப்பில் வைத்தாள். அப்பா சட்டியைப் பார்த்தார், அவள் வயிற்றைப் பார்த்தார், மறுபடி சட்டியைப் பார்த்தார்.

விடியலில் பனிமூட்டம். காரெட்டும் நானும் பரண்மேல். அப்பா பயிரின் அந்தக் கோடியில், தரையில். வெளிச்சம் வந்தபோது அவர் இருந்த பக்கமாக மான் காட்டைவிட்டு இறங்கியது. மூட்டத்துக்குமேல் எங்களுக்குக் கொம்பு மட்டும்தான் தெரிந்தது. காரெட் துப்பாக்கியைத் தூக்கினான். மான் நகரவே இல்லை. உடம்பு தெரியட்டும் என்று அவன் விசையில் விரலை வைத்துக் காத்திருந்தான்.

சுட்டது அப்பா.

காரெட் துப்பாக்கியைத் தாழ்த்தினான். பிறகு குண்டுகளை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு இறங்கினான். விழுந்த மானைப் பார்க்கக்கூட அவன் போகவில்லை. அப்பாதான் மூட்டத்திலிருந்து எங்களை நோக்கி வந்தார்.

"ரெண்டாவது தடவைப்பா."

"பெரிய கொம்பு. கை நிக்கல" என்றார் அப்பா.

"எனக்குன்னு சத்தியம் பண்ணித்தானே கூப்பிட்ட?"

"ஆமா."

கெல்சி வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். காரெட் அவள் கையிலிருந்து கத்தியை வாங்கி வைத்தான். அவர்கள் வண்டி கிளம்பிப் போன பிறகு நான் மானைப் போய்ப் பார்த்தேன். விலா எலும்பு தனித்தனியாகத் தெரிந்தது, தாடை முழுக்க எச்சில். கொம்பு மட்டும் ஆகஸ்டில் இருந்த மாதிரியே இருந்தது.

"போன் பண்ணிச் சொல்லேன்ப்பா."

"என்னன்னு? வாடா மகனே, உனக்காக உப்பு வச்சேன், இருக்குற மானுக்கெல்லாம் சீக்க ஊட்டிவிட்டேன், இந்தா நீயும் உம்பொண்டாட்டியும் தின்னுங்கன்னா?"

மான் திருடன் என்ற பெயர் அப்பாவுக்கு ஏற்கெனவே இருந்தது, பழகிவிட்டது. மான்களுக்கு நோய் ஊட்டியவன் என்ற பெயர் புதுசு. என்னையும் சொல்லக் கூடாது என்றார். மானின் தலையைப் பரிசோதனைக்குக் கொடுத்தோம். நோய் உறுதி என்று பதில் வந்தது.

டிசம்பரில் பனி மூடியது. மற்ற நிலங்களில் தின்ன எதுவும் இல்லை. அப்பா சொன்னபடியே எங்கள் டர்னிப் இனித்தது. மான்கள் பனியைக் குளம்பால் தோண்டிக் கிழங்கை எடுத்து ஒன்று கடித்ததையே இன்னொன்று கடித்தன. சாயங்காலம் ஆனால் அப்பா அந்த இரும்புச் சட்டியையும் ஒரு கரண்டியையும் எடுத்துக்கொண்டு மேட்டுக்குப் போய்த் தட்டுவார். முதலில் மான்கள் காட்டுக்குள் ஓடின. பிறகு காட்டோரம் வரைதான் ஓடின. மான்களைத் துரத்துவதற்கென்றே ஒருவர் நிலம் வைத்திருப்பது எங்கள் ஊரில் இதுதான் முதல் தடவை.

கேமராவை யாரும் கழற்றவில்லை. ஜனவரியில் ஒரு சாயங்காலம் நான் கல்லூரி விடுதியில் இருந்தபோது காரெட்டிடமிருந்து ஒரு வரி வந்தது: "அப்பா ஏன்டா பனியில நின்னு சட்டி தட்டுறாரு?"

பாண்டு வாத்தியத்தில் சேரப் பழகுகிறார் என்று தட்டினேன். அழித்தேன். பிறகு உப்புக்கட்டியிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் எழுதி அனுப்பினேன்.

பதில் வர நேரமானது. "கூப்பிட்டுக்கிட்டே இருக்கேன். எடுக்க மாட்டேங்குறாரு."

"போன் வீட்டுல இருக்கும். அவரு மேட்டுல."

அப்போது கேமராவிலிருந்து இன்னொரு படம் வந்தது. நடுவில் அப்பா, ஆரஞ்சுக் கோட்டு, தூக்கிய கையில் கரண்டி. அவருக்குப் பின்னால், கையை நீட்டினால் தொடும் தூரத்தில், காது தொங்கிய ஒரு பெட்டை மான் கால்களை அகட்டி நின்று டர்னிப் தின்றுகொண்டிருந்தது. சத்தம் அதற்குக் கேட்டதாகத் தெரியவில்லை.

காரெட்டுக்கும் அந்தப் படம் போயிருக்கும். எனக்கு அவனிடமிருந்து வேறெதுவும் வரவில்லை. மேலும் படங்கள்தான் வந்தன. வெளிச்சம் குறைந்துகொண்டே போனது, மான்கள் கூடிக்கொண்டே போயின, ஒவ்வொரு படத்திலும் கரண்டி கொஞ்சம் கீழே இறங்கியிருந்தது.