சித்தி சொல்லிக்கொடுத்த சொல்

அக்கா செத்த மூன்றாம் நாளே குழந்தையைத் தன் அறைக்குத் தூக்கி வந்துவிட்டாள் சித்தி. சலவைக் கடையில் இஸ்திரி போடும் வேலை அவளுக்கு. துணிமூட்டைமேல் குழந்தையை உட்கார வைத்துக்கொண்டு, "இது காலரு, இது பொத்தானு, இது சுடும், தொடாத" என்று வாய் ஓயாமல் சொல்வாள். குழந்தைக்கு முதலில் வந்த சொல் "த்தி". கடைக்காரர்கூடச் சிரித்தார்.

ஒன்றரை வருஷம் கழித்து அத்தான் மறுகல்யாணம் செய்துகொண்டார். வந்தவள் மழலையர் பள்ளி டீச்சர். குழந்தையை வாங்கிப் போனபோது, "இன்னும் ஒழுங்கா ரெண்டு வார்த்தை பேச வரல. துணிமூட்டையில வளர்த்தா வேற எப்படி இருக்கும்?" என்றாள். அத்தான் செருப்பு வாரைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

ஞாயிறுதோறும் சித்தி போய்ப் பார்த்துவிட்டு வருவாள். டீச்சரைக் குறை சொல்ல முடியாது. குழந்தை "கதவு" என்றால், "ஆமா, பச்சைக் கதவு. காத்துல ஆடுற கதவு" என்று நீட்டிக்கொடுப்பாள். குழந்தை திருப்பிச் சொன்னால் பிஸ்கட். சொல்லாவிட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். இரண்டு மாதத்தில் குழந்தை கிளிப்பிள்ளை மாதிரி பேசியது.

ஒரு ஞாயிறு டீச்சரே பரீட்சை வைத்துக் காட்டினாள். சுவரில் அக்காவின் போட்டோ. "அது என்ன?"

"பழைய படம்."

"இதோ உக்காந்திருக்காங்களே, இவங்க யாரு?"

குழந்தை முதலில் டீச்சர் முகத்தைப் பார்த்தது. பிறகு, "விருந்தாளி" என்றது.

"எவ்ளோ பெரிய வார்த்தை, பிசிறே இல்லாம சொல்றா பாத்தீங்களா?" என்று டீச்சர் பிஸ்கட்டை நீட்டினாள்.

சித்தி அந்தப் பிஸ்கட்டைப் பார்த்தாள். "கட்டிக் கொடுத்த சோறும் சொல்லிக் கொடுத்த சொல்லும் எத்தனை நாளைக்கு?" என்றாள்.

"பாக்கலாம்" என்று சிரித்துவிட்டு டீச்சர் டீ போட உள்ளே போனாள்.

சித்தி குழந்தையை மடியில் இழுத்தாள். "நான் ஒண்ணு சொல்லித்தரேன், சொல்லு. நீ என் அம்மா இல்ல."

"நீ என் அம்மா இல்ல."

"என் தங்கம்." ஒரு முத்தம். "இன்னொரு தடவ."

நாலாவது தடவை தானாகவே சொன்னது. "இத அவங்ககிட்ட சொல்லணும், சரியா? நான் போனப்புறம்."

அடி எங்கே விழும் என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. அவளும் அடிவாங்கி வளர்ந்தவள்தான். தெரிந்தே சொல்லிக்கொடுத்தாள். மாடிப்படி இறங்கும்போது, பல நாளுக்குப் பிறகு நெஞ்சு லேசாக இருந்தது.

அடுத்த ஞாயிறு குழந்தை சுவரோரம் உட்கார்ந்திருந்தது. கீழுதடு கிழிந்து வீங்கியிருந்தது. அத்தான் செல்போனிலிருந்து தலையை எடுக்கவில்லை.

"என்ன ஆச்சு?"

"கதவுல இடிச்சுக்கிட்டா" என்ற டீச்சர் குழந்தை பக்கம் திரும்பினாள். "நீயே சொல்லு. கதவுல..."

"கதவுல இடிச்சுக்கிட்டேன்."

"எந்தக் கதவு?" என்றாள் டீச்சர்.

"பச்சைக் கதவு."

"கெட்டிக்காரி." இந்தத் தடவை பிஸ்கட் தரவில்லை. சித்தியை நேராகப் பார்த்தாள். "வீட்ல யாரும் பேசாத பேச்செல்லாம் பேசுறா. யார் சொல்லிக் குடுத்ததுன்னு தெரியல. உங்களுக்குத் தெரியுமா?"

அடித்தது யார் என்று கேட்டால், சொல்லிக்கொடுத்தது யார் என்று சொல்ல வேண்டிவரும். "எனக்கெப்படித் தெரியும்?" என்றாள் சித்தி.

குழந்தை ஒருமுறை நிமிர்ந்து அவளைப் பார்த்தது. தூக்கிக்கொள்ளலாம் என்று அவள் கிட்டே போனாள். குழந்தை இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு, தலையை மட்டும் இப்படியும் அப்படியும் ஆட்டியது.