அத்தான் கொண்டுபோன சீம்பால்

கும்ஜா ஃப்ரீசரைத் திறந்து துழாவினாள். கிம்ச்சி ஊறுகாய் டப்பா இருந்தது, கருவாடு இருந்தது. சீம்பால் பாட்டில்களைத்தான் காணோம்.

கொட்டகையில் ஈன்ற பசுவின் மடி கல்லாய் வீங்கிக் கிடந்தது. கறந்தால் ரத்தமும் சீழும்தான் வந்தன. விடியற்காலையில் பிறந்த பெண்கன்று, ஈரம்கூடக் காயாமல், கிடைத்ததையெல்லாம் சப்பிக்கொண்டிருந்தது. மதியத்துக்குள் அதன் வயிற்றுக்குள் சீம்பால் போகாவிட்டால் தேறாது. இப்படி ஒருநாள் வருமென்றுதானே ஒவ்வொரு ஈற்றிலும் மிச்சத்தைப் பிடித்து உறையவைத்து, கொட்டை எழுத்தில் 'சீம்பால்' என்று எழுதி வைத்திருந்தாள்!

"ஏங்க, பாட்டிலெல்லாம் எங்க?"

அவள் புருஷன் தொக்சு, பூட்ஸைக் கழுவுகிற சாக்கில் குனிந்துகொண்டான். "அண்ணன் கேட்டாரு..."

"எப்ப?"

"சூசோக் பண்டிகைக்கு முன்னாடி, அப்பா அம்மா கல்லறையில புல் வெட்ட சியோல்லேர்ந்து வந்தாருல்ல, அப்ப. அம்பது தாண்டினவங்க சீம்பால் குடிச்சா மூட்டு வலி, அசதி எல்லாம் பறந்துடும்னு டிவியில காட்டுறாங்களாம். மூத்தவரு வாய்விட்டுக் கேக்குறப்ப இல்லைன்னா சொல்ல முடியும்?"

"அதுக்காக எல்லாத்தையுமா?"

"டிக்கில இடம் இருந்துச்சு."

இடம் இருந்ததாம்! அண்ணன் கேட்டால் இந்த மனுஷன் கட்டின பெண்டாட்டியைக்கூட டிக்கியில் ஏற்றி அனுப்பிவிடுவான். கும்ஜாவுக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை, பால் சங்கத்தில் யாரும் போனை எடுக்கவில்லை. பக்கத்துப் பண்ணைக்காரர் போன வருஷமே மாடுகளை விற்றுவிட்டு ஸ்ட்ராபெரி போட்டுவிட்டார். வேறு வழியில்லாமல் சியோலுக்கே போன் போட்டாள்.

"அத்தான், அந்தச் சீம்பால் பாட்டில்ல ஒண்ணாவது மிச்சமிருக்கா? பாதி வழி வந்து நானே வாங்கிக்கிறேன்."

"ஓ, அதுவா! சொல்லவே கூச்சமா இருந்துச்சும்மா கும்ஜா. அது கெட்டுப்போன பால். அடுப்புல வெச்சதும் தோஃபு மாதிரி கட்டி கட்டியா ஆயிடுச்சு. ஒவ்வொண்ணா காய்ச்சிப் பாத்தேன், எல்லாமே அப்படித்தான். சாக்கடையில கொட்டிட்டேன்."

சீம்பாலைக் காய்ச்சினால் கட்டியாகாமல் வேறென்ன ஆகும்? குடித்துத் தொலைத்திருந்தாலாவது மனசு ஆறியிருக்கும்.

"தம்பி மனசு நோகக் கூடாதேன்னு கம்முனு இருந்துட்டேன். பதிலுக்கு சீம்பால் பவுடர் அனுப்பினேனே, பெரியவங்களுக்குன்னே செஞ்சது. குடிக்கிறியா? அதுல கட்டியே தட்டாது!"

போனை வைத்துவிட்டு அந்த டின்னை எடுத்தாள். பால் பவுடர், சர்க்கரை, வெனிலா வாசனை என்று வரிசையாகப் போட்டு, கடைசியில் போனால் போகிறதென்று துளி சீம்பாலும் சேர்த்திருந்தார்கள். இது எந்த மூலைக்கு? ஆனாலும் வெந்நீரில் கரைத்துப் புட்டியில் ஊற்றி நீட்டினாள். பாவம், கன்று வாலை ஆட்டி ஆட்டி ஒரு சொட்டு விடாமல் குடித்தது. அதைப் பார்த்துத்தான் அவளுக்கு அழுகையே வந்தது.

அந்த வாரமே கன்றுக்குக் கழிச்சல் கண்டது. டாக்டர் வந்து ஊசி போட்டும் பிழைக்கவில்லை. தொக்சுதான் புதைக்கத் தூக்கிக்கொண்டு போனான். திரும்பி வந்தவன் சாப்பிட உட்காரவில்லை, அவளும் கூப்பிடவில்லை.

பனிக்காலம் தொடங்கியபோது இன்னொரு பசு ஈன்றது. கன்று குடித்தது போக மிச்சத்தைக் கும்ஜா பாட்டில்களில் பிடித்தாள். மேலே எழுதியிருந்ததைப் படித்த தொக்சு முழித்தான்.

"என்ன கூத்து இது? 'மாட்டுப் பேதி மருந்து'ன்னு எழுதி வெச்சிருக்க! யாரை ஏமாத்த?"

"யாரையும் ஏமாத்த இல்ல. அடுத்த தடவை அத்தான் வந்து கேட்டா, 'இல்லை'ன்னு சொல்ல உங்களுக்கு வாய் வராது. இதைப் படிச்சுக் காட்டவாவது வருமில்ல?"

தொக்சு பாட்டில்களை வாங்கி ஃப்ரீசரில் அடுக்கினான்.